அரிமாவேலுக்கு ஒரு குறை வேண்டும்

“டீச்சர், என் தலைவன் பின்னால ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க.”

பொன்னுரங்கம் இதைச் சொன்னபோது செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் சுற்றி வந்திருந்தார். வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. மனசில்தான் நிறைய இருந்தது.

“உக்காருங்க சார்,” என்றார் செந்தாமரை டீச்சர். “யாரு அந்த—”

“தலைவனா? அரிமாவேல்! ஏழு கோட்டைகளின் வேந்தன்!”

டீச்சர் கேட்க வந்தது அதுவல்ல. யார் அந்தக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தது, குரங்கு நுழைந்துவிடும் என்று சொல்ல வந்தார்.

குரங்கு நுழைந்தது. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வெளியே போனது.

பொன்னுரங்கம் கவனிக்கவில்லை. அவர் அரிமாவேலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் கதை எழுதுகிறவர் அவர். வயது ஐம்பத்தொன்று. அவருக்குக் கீழே நாலு பேர். ஐந்து பேரும் சேர்ந்து மூன்று வருஷமாக ஒரு மாயாஜால உலகத்தைக் கட்டியிருந்தார்கள். அதில் யாளி உண்டு, சூனியக்காரி உண்டு, பறக்கும் படகு உண்டு. விளையாடுகிறவர் ஒரு வீரனாக மாறி, அரிமாவேல் என்ற தலைவனின் பின்னால் ஏழு கோட்டைகளையும் பிடிக்கப் போக வேண்டும். தலைவனைப் பிடிக்கவில்லை என்றால் பாதியில் விட்டுவிட்டும் போகலாம். அந்த வசதியைச் செய்து வைத்த புண்ணியவானும் பொன்னுரங்கம்தான்.

இருபத்து மூன்று பேரைக் கூப்பிட்டு விளையாடிப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டாவது கோட்டையைத் தாண்டி அரிமாவேலோடு போனது ஒரே ஒருவர். அவரும் கம்ப்யூட்டரை நிறுத்த மறந்துவிட்டு டீ குடிக்கப் போனவர்.

‘தலைவருக்கு ஒரு குறையும் இல்லை, அலுப்பாக இருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

“வெள்ளிக்கிழமை கடைசி நாள் டீச்சர். அதுக்குள்ள அரிமாவேல் தேறலைன்னா ஆட்டத்தைப் பெங்களூர்ல வேற ஆளுங்ககிட்டக் குடுத்துருவாங்க. என் புள்ளைங்க நாலு பேரும் ஆளுக்கொரு திசை.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. அந்த நாலு பேர் மேல் அவருக்கு உயிர்.

ஞானம் தேடி மலையேறுகிறவர்கள் தாடி வைத்த யாரிடமாவதுதான் போவார்கள். பொன்னுரங்கம் வந்திருந்தது தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரிடம். செந்தாமரை எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் அவர் எழுதிய விளையாட்டுகளில் தலைவன் செத்தால், விளையாடியவர்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார்கள். அதனால் அந்தத் தொழிலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர். இப்போது வேலையை விட்டுவிட்டு மலையில் மிளகு போட்டுக்கொண்டு, ஓய்வு நேரத்தில் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டி மேஜையில் பகடை உருட்டிக் கதை விளையாடிக்கொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தார். கழுத்து வரை கமர்கட். ஒன்றை எடுத்துப் பொன்னுரங்கத்தின் கையில் வைத்தார்.

பொன்னுரங்கம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன.

“குறை ஏதாச்சும் எழுதிப் பாத்தீங்களா?” என்றார் டீச்சர்.

பொன்னுரங்கம் தலையாட்டினார்.

“கொண்டுவந்திருக்கீங்களா?”

தலையாட்டினார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். டீச்சர் சத்தமாகப் படித்தார்.

“அரிமாவேலின் குறைகள். ஒன்று, அளவு மீறிய கருணை. இரண்டு, பொய் சொல்லத் தெரியாது. மூன்று, தன்னைப் பற்றி நினைக்க நேரமே இல்லாதவன். நான்கு, அநியாயத்தைக் கண்டால் உறக்கம் வராது.”

பதினாலு குறைகள் இருந்தன. பதினாலாவது, ‘தன் பெருமையைத் தானே அறியாதவன்.’

டீச்சர் தாளை மடித்தார்.

“கல்யாணத் தரகர் வந்து சொல்வாருங்க. பையன்கிட்ட ஒரே ஒரு குறை, ரொம்ப அமைதின்னு.”

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார். கமர்கட் விடவில்லை.

“நாளைக்கு வாங்க,” என்றார் டீச்சர். “கதவைச் சாத்திட்டுப் போங்க.”

செம்மேட்டு லாட்ஜுக்கு நடந்து போகும் வழியெல்லாம் பொன்னுரங்கம் அந்தக் கமர்கட்டையே நினைத்துக்கொண்டு போனார். குரு காரணமில்லாமல் கொடுப்பாரா? வெளியே கல், உள்ளே இனிப்பு. தலைவன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகா! லாட்ஜில் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டார். கீழே இரண்டு கோடும் போட்டார்.

மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். இந்த முறை கதவைச் சாத்தினார்.

“கண்டுபிடிச்சுட்டேன் டீச்சர். அரிமாவேலுக்கு இடது கண்ணு கிடையாது!”

“அது காயம்ங்க. குறை—”

“குறைதான்! ஊனமும் ஒரு குறைதான்னு சொல்ல வர்றீங்க. அப்படியே சாராயமும் குடிப்பான். சோகம் டீச்சர், பெரிய சோகம். தனியா மலையுச்சியில நின்னு குடிப்பான். பின்னாடி சூரியன் இறங்கும்.”

“அழகாத்தான் இருக்கும்.”

“ஆமாங்க!”

“அவன்கூட நடக்கறவங்க என்ன—”

“எல்லாரும் வீரனுங்க டீச்சர். ஒவ்வொருத்தனும் பத்துப் பேருக்குச் சமம். அவங்க உடுப்புக்கே எட்டு மாசம் ஆச்சு. எங்க நஸ்ரீன்தான் வரைஞ்சா. நஸ்ரீன் தெரியுமில்ல, என் குழுவுல படம் வரையற பொண்ணு. தங்கமான கை. அரிமாவேலோட வாளுக்கு மட்டும் பதினோரு தடவை நெறம் மாத்திருக்கா.”

“ஏனுங்க?”

“அதான் எனக்கும் தெரியலை. மாத்திக்கிட்டே இருக்கா.”

டீச்சர் ஜாடியைத் திறந்தார். பொன்னுரங்கம் பணிவோடு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

“உங்க ஆளுங்க உங்களை எப்படி வெச்சிருக்காங்க?” என்று கேட்டுவிட்டு டீச்சர் கமர்கட் கரையும் வரை காத்திருந்தார். இது தலையாட்டிச் சொல்கிற விஷயமில்லையே.

கரைந்ததும் பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்தது.

“தலை மேல வெச்சிருக்காங்க. சொன்னா நம்பமாட்டீங்க. தினம் சாயங்காலம் நாலு மணி ஆனா எனக்கு மெதுவடை வாங்கிட்டு வருவாங்க. வெச்சுட்டுப் போகமாட்டாங்க. சுத்தி நின்னு, நான் சாப்பிடறதையே பாத்துக்கிட்டு, ஆபீஸ் கதையெல்லாம் சொல்லுவாங்க. போன மாசத்துல இருந்து ரெண்டு வடை. சட்னி தனி.”

“ரெண்டா?”

“ரெண்டு! எந்த ஆபீஸ்ல டீச்சர் இப்படி ஒரு பாசம்?”

டீச்சர் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

“நாளைக்கு மத்தியானம் ஆட்டம் இருக்கு. நீங்க தலைவர்.”

நாளைக்கு என்றால் வியாழக்கிழமை. அதற்கு மறுநாள் வெள்ளி. பொன்னுரங்கம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இருந்தாலும், தலைவர் என்ற சொல் காதில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

வியாழக்கிழமை மேஜையைச் சுற்றி நாலு பேர். டீச்சர், பொன்னுரங்கம், டியூட்டி முடிந்து வந்த பஸ் கண்டக்டர் மாதேஸ்வரன், அன்னாசிப்பழக் கடை நல்லம்மாள். மாதேஸ்வரன் வில்லாளி. நல்லம்மாள் மந்திரக்காரி, நாலு வருஷ அனுபவம்.

விளையாட்டு லேசானதுதான். எந்த இடம், என்ன நடக்கிறது என்று டீச்சர் சொல்வார். யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். ஜெயமா தோல்வியா என்று இருபது முகப் பகடை சொல்லும். எந்த வழியில் போவது என்பது மட்டும் தலைவர் வாக்கு.

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார் டீச்சர். பொன்னுரங்கம் தன் தாளை மேலும் கீழும் பார்த்தார். பெயர், பலம், ஆயுதம். குறை என்று ஓர் இடமே இல்லை.

“டீச்சர், என் தாள்ல குறைன்னு—”

இந்த ஒரு முறை டீச்சர் குறுக்கே புகுந்தார். “தலைவர் தாள்ல அது வராதுங்க.”

பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தார். மற்ற இருவரின் தாளிலும் கடைசியில் ஒரு வரி இருந்தது. ‘தலைவர் இப்படி இருப்பதால் நான் செய்வது’ என்று போட்டு, கீழே வெற்றிடம்.

“அது எதுக்குன்னா சார்—”

“தியாகம்! புரிஞ்சுது டீச்சர். ஆரம்பிங்க.”

டீச்சர் ஆரம்பித்தார். “முதல் கோட்டைக்கு முன்னால ஒரு ஆறு. ஆத்து மேல மரப்பாலம். மூடுபனி. மாதேசு, வில்லாளிக்குக் கண்ணு கூர்மை. உனக்கு மட்டும் ஒண்ணு தெரியுது.” ஒரு துண்டுச் சீட்டை அவரிடம் தள்ளினார்.

மாதேஸ்வரன் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “தலைவரே, அந்தப் பாலத்துல நடுவுல—”

“காவல் நிக்கறான். தெரியும்! அவன் சுதாரிக்கறதுக்குள்ள ஓடியே கடந்துருவோம். வாங்கடா!”

ஓடினார்கள்.

“நடுப்பலகை இல்லைன்னு சொல்ல வந்தேனுங்க,” என்றார் மாதேஸ்வரன்.

“ஆத்துல முழுகிட்டு இருக்கறவங்க பேசக்கூடாது,” என்றார் டீச்சர். “எல்லாரும் செத்தாச்சு. முதல்ல இருந்து.”

இரண்டாவது முறை பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். காட்டில் ஒரு சூனியக்காரி எதிர்ப்பட்டு, பொன்னுரங்கத்தின் கையில் ஒரு குப்பியைக் கொடுத்தாள். நல்லம்மாளுக்கு ஒரு சீட்டு போனது.

“தலைவரே, அந்த மருந்தைக் குடிக்க—”

“குடிக்கணும்! எனக்கும் அதான் தோணுச்சு.”

குடித்தார். தலைவர் செத்தால் எல்லோரும் செத்த கணக்கு.

நல்லம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். “நாலு வருசத்துல நான் இப்படிச் செத்ததே இல்லீங்க டீச்சர்.”

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் மாதேஸ்வரனும் நல்லம்மாளும் ஒரு மூலைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்து தாளில் ஏதோ எழுதிக் கவிழ்த்து வைத்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது.

“நான் சந்தைக்குப் போறேங்க,” என்றார் மாதேஸ்வரன். “ஒரு மூட்டை அவல் வாங்கறேன்.”

“வாங்கிட்ட,” என்றார் டீச்சர்.

பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. போருக்குப் போகிறவனுக்கு அவல் எதற்கு? போகட்டும், வழியில் பசிக்கும் என்று விட்டுவிட்டார்.

பாலம் வந்தது.

“தலைவர் வாயில ஒரு பிடி அவல் போடறேன்,” என்றார் மாதேஸ்வரன்.

“போடு,” என்றார் டீச்சர். “சார், வாய் நிறைய அவல் இருக்கறவங்க பேச முடியாது. ஆட்ட விதிங்க.”

பொன்னுரங்கம் நெகிழ்ந்துபோனார். போர்க்களத்திலும் தலைவனுக்கு ஊட்டிவிடுகிறார்கள்! விதிப்படி வாயை மூடிக்கொண்டு, தட்டிக் கொடுப்பதுபோலக் கையை மட்டும் அசைத்தார். அந்த நேரத்தில் மாதேஸ்வரன் நடுப்பலகை இல்லாததைச் சொல்லி முடித்தார். கயிறு கட்டிக் கடந்தார்கள்.

காட்டில் நல்லம்மாள் ஒரு பிடி போட்டார். குப்பியைக் கீழே கொட்டினார்கள். கொட்டிய இடத்தில் புல் கருகியது. இரண்டாம் கோட்டை வாசலில் யாளி நின்றது. அங்கே இரண்டு பிடி போட வேண்டியிருந்தது. யாளிக்கு எந்தக் காது கேட்காது என்பது கொஞ்சம் நீளமான விஷயம்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஏழு கோட்டைகளும் விழுந்தன.

பொன்னுரங்கம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “பாத்தீங்களா டீச்சர்! ஒருத்தர்கூட விட்டுட்டுப் போகலை. கடைசி வரைக்கும் என்கூட வந்தாங்க. அரிமாவேலுக்கு முடியாதது எனக்கு எப்படி முடிஞ்சுது?”

டீச்சர் கையை நீட்டினார். கவிழ்த்து வைத்திருந்த இரண்டு தாள்களையும் அவர் முன்னால் திருப்பிப் போட்டார்.

மாதேஸ்வரனின் தாளில், தலைவர் இப்படி இருப்பதால் நான் செய்வது: ‘தலைவர் வாயில் அவல் இருக்கும்போது மட்டும் தகவல் சொல்வேன்.’

நல்லம்மாளின் தாளில்: ‘அவல் தீர்வதற்குள் சொல்லி முடிப்பேன். பெரிய விஷயமாக இருந்தால் இரண்டு பிடி.’

பொன்னுரங்கம் படித்தார். சிரித்தார். இன்னொரு முறை படித்தார்.

சுவரில் கடிகாரம் நாலு மணி ஐந்து நிமிஷம் காட்டியது.

நாலு மணி. மெதுவடை. சுற்றி நிற்கும் நாலு முகங்கள்.

போன வருஷம் குழுவிலிருக்கும் கதிரேசன் கல்யாணச் செய்தி சொன்னது வடை சாப்பிடும்போது. நஸ்ரீன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தெரிந்தது வடை சாப்பிடும்போது. விளையாட வந்த இருபத்து மூன்று பேர் என்ன எழுதிவைத்தார்கள் என்று தெரிந்துகொண்டது, பெங்களூர் விவகாரம் காதுக்கு வந்தது, எல்லாமே. வடை இல்லாத நேரத்தில் யாராவது எதையாவது தன்னிடம் சொல்லி முடித்திருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

போன மாதத்திலிருந்து இரண்டு வடை.

அவருக்குக் காது மடல் இரண்டும் சூடாயின. ஐம்பத்தொரு வயதில் இப்படி வெட்கப்படுவோம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அலமாரியைப் பார்த்தார்.

கண்ணாடி ஜாடி இருந்தது. செவ்வாய்க்கிழமை கழுத்து வரை இருந்த கமர்கட், மூன்று நாளாக அவர் வாய்க்கே போய், இப்போது அடியில் நாலைந்து கிடந்தது.

“டீச்சர், அந்தக் கமர்கட்…”

நிறுத்தினார். மேலே பேசாமல் காத்திருந்தார். அது அவருக்கு வேட்டி இல்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

“நானும் உங்ககிட்ட ஒரு வாக்கியத்தை முடிக்கணுமில்லீங்களா?” என்றார் டீச்சர்.

நல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாதேஸ்வரன் ஜன்னல் வழியாக எதையோ மும்முரமாகப் பார்த்தார்.

பொன்னுரங்கம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு அடி போனவர் திரும்பி வந்து, டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜாடியை நீட்டினார். ஒன்றை எடுத்துக்கொண்டு மிளகுக்கொடி ஓரமாகப் போய் நின்றார்.

“நஸ்ரீன்.”

“சார்! எங்க இருக்கீங்க? நாளைக்கு வெள்ளிக்கிழமை. அரிமாவேல் விஷயமா ஒண்ணு…” அவள் அங்கேயே நின்றுவிட்டாள். பழக்கம். கொஞ்சம் பொறுத்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சார், ஏதாச்சும் சாப்பிடறீங்களா?”

மூன்று வருஷமாக அவள் கேட்ட கேள்விதான். மூன்று வருஷமாக அதைப் பாசம் என்று மட்டும் நினைத்திருந்தார்.

கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டார்.

“ம்,” என்றார்.

அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது.

“சார், அரிமாவேலுக்கு நான் ஒண்ணு வரைஞ்சு வெச்சு நாலு மாசம் ஆச்சு. அவருக்குத் திசையே தெரியாது சார். ஆனா தெரியாதுன்னு அவருக்குத் தெரியாது. கையை நீட்டி ‘இந்தப் பக்கம்’னு கம்பீரமா நடப்பாரு. பின்னால வர்ற வீரனுங்க, வழி தப்பாம இருக்க மரத்துல சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டே வருவாங்க. அவர் திரும்பிப் பாத்தா எல்லாரும் சுண்ணாம்பை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்குவாங்க. கதிரேசன் அந்த இருபத்து மூணு பேர்ல ஆறு பேரைத் திரும்பக் கூப்பிட்டு விளையாட வெச்சான். ஆறு பேரும் சிரிச்சு சிரிச்சு ஏழாவது கோட்டை வரைக்கும் அவர்கூடப் போயிட்டாங்க சார். கடைசியில அவர் தனியா வழி தேடற இடத்துல ஒரு அம்மா அழுதுட்டாங்க.”

“ம்.”

“இதைச் சொல்றதுக்குப் பதினோரு தடவை உங்க ரூமுக்கு வந்தேன். ‘சார், அரிமாவேல்ல ஒண்ணு மாத்தணும்’னு ஆரம்பிப்பேன். நீங்க, ‘தெரியும், வாளோட நெறம்தானே, மாத்திரு’ம்பீங்க. நானும் போய் மாத்திருவேன்.”

“ம்.”

“அப்புறம் இன்னும் நாலு விஷயம் இருக்கு சார்.”

சொன்னாள். ஒன்று அரிமாவேலைப் பற்றியது. மூன்று பொன்னுரங்கத்தைப் பற்றியது. மிளகுக்கொடி ஓரம் நின்று எல்லாவற்றுக்கும் அவர் ‘ம்’ கொட்டினார். கமர்கட் சின்னதானது. மெலிந்தது. நாக்கு நுனியில் கரைந்து போயே போய்விட்டது.

நஸ்ரீன் திடீரென்று நிறுத்தினாள்.

“சார்… சாப்பிட்டு முடிச்சுட்டீங்களா?”

“இன்னும் இல்லம்மா,” என்றார் பொன்னுரங்கம், வெறும் வாயோடு.